பேட்டரியில் ஓடும் சின்ன போர்டு வெப் சர்வராக இருக்க முடியுமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். அதோடு இஎஸ்பி 8266 சிப் உள்ள நோட்எம்சியு போர்டு. மின்சாரத்துக்கு ஒரே ஒரு 18650 பேட்டரி, போர்டு மின்சாரத்தை உள்ளே வாங்கும் வின் பின்னில் நேராகக் கொடுத்திருக்கிறீர்கள். போர்டிலேயே வெப் சர்வர் ஓடுகிறது. வீட்டில் யார் போனில் திறந்தாலும் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிகிறது. ஆனால் பேட்டரி ஒன்றரை நாளைத் தாண்டுவதில்லை. நடுநடுவே போர்டு ஹேங் ஆகிவிடுகிறது, ரீசெட் பட்டனை அமுக்க மாடி ஏற வேண்டியிருக்கிறது. ‘இதைவிட லைட்டான வெப் சர்வர் லைப்ரரி எது? மோட்டாரையும் அதே பக்கத்திலிருந்து ஆன், ஆஃப் செய்யலாமா?’ என்று கேட்டு, நிரலையும் இணைத்திருக்கிறீர்கள்.

லைப்ரரி என்று கேட்டாலும் உள்ளே இருப்பது வேறு கேள்வி: மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய ஒரு கருவி, யார் எப்போது கூப்பிட்டாலும் பதில் சொல்லும் சர்வராகவும் இருக்க முடியுமா? நெட்வொர்க்கில் இணையும் சின்னக் கருவிகளுக்கு ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் நிரல், எழுதுவது என் தொழில். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. எது உறுதி, எது உங்கள் போர்டைப் பார்த்தால்தான் தெரியும் என்று பிரித்தே சொல்கிறேன்.

லைப்ரரி விஷயம் உறுதி: வெப் பக்கம் அனுப்புவது கனமான வேலை இல்லை. 2000-களின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த ஆடம் டங்கல்ஸ், 8 பிட் சிப்களுக்காக யூஐபி என்ற நிரலை எழுதினார்; இணையத்தின் அடிப்படை நெறிமுறையான டிசிபி-ஐபியைப் பேசுவது அது. நிரல் சில கிலோபைட், ரேம் சில நூறு பைட், அவ்வளவுதான் அதற்குத் தேவை. அவருடைய கான்டிகி இயங்குதளத்தைக் கொண்டு கமடோர் 64-இல்கூட வெப் சர்வர் ஓட்டியிருக்கிறார்கள். 1982-இல் வந்த, 1 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 64 கிலோபைட் ரேமும் உள்ள வீட்டுக் கணினி அது. உங்கள் 8266 ஓடுவது 80 மெகாஹெர்ட்ஸில். நிரல் ஏறிய பிறகும் 40 கிலோபைட் அளவுக்கு ரேம் மிச்சம் இருக்கும். அந்தச் சிப்பில் நெட்வொர்க் வேலையைப் பார்க்கும் எல்டபிள்யூஐபி நிரலும் டங்கல்ஸ் தொடங்கியதுதான். ஆகவே லைப்ரரியை மாற்றினால் பேட்டரி ஆயுள் ஒரு மணி நேரம்கூட அதிகரிக்காது.

மின்சாரம் போவது காத்திருப்பதில். எந்த நொடியிலும் போனிலிருந்து அழைப்பு வரலாம் என்பதால் வைஃபை ரேடியோ எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கடையில் விளக்கு எரிந்துகொண்டே இருப்பது மாதிரி. 8266-இன் டேட்டாஷீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும்போது 56 மில்லியாம்ப், அனுப்பும்போது 120 முதல் 170 மில்லியாம்ப் என்று இருக்கிறது. ரேடியோவை நிறுத்திவிட்டுச் சிப் மட்டும் விழித்திருந்தால் 15. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அணைத்துவிடும் டீப் ஸ்லீப்பில் 20 மைக்ரோஆம்ப் (1,000 மைக்ரோஆம்ப் ஒரு மில்லியாம்ப்). போர்டில் இருக்கும் மற்ற சில்லுகளையும் சேர்த்துச் சராசரியாக 75 மில்லியாம்ப் என்று வையுங்கள். 2,700 மில்லியாம்ப்-மணி பேட்டரியை 75-ஆல் வகுத்தால் 36 மணி நேரம். நீங்கள் சொன்ன ஒன்றரை நாள் அப்படியே வந்துவிட்டது. பக்கத்தை ஒருவரும் திறக்காவிட்டாலும் இதே கணக்குதான். உங்கள் பேட்டரியில் குறை ஒன்றும் இல்லை.

இங்கே இன்னொன்றும் உறுதி. ‘டீப் ஸ்லீப் போட்டும் பேட்டரி நிற்கவில்லை’ என்று பலர் புலம்புவதற்குக் காரணம், வோல்டேஜைச் சிப்புக்கு ஏற்ற 3.3-ஆக இறக்கித் தர போர்டில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர். சிப் தூங்கினாலும் அந்த ரெகுலேட்டர் தனக்கென்று 5 மில்லியாம்ப் அளவுக்குக் குடிக்கும், அதாவது தூங்கும் சிப்பைப்போல 250 மடங்கு. அதைவிட மோசம், அதற்கு உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிட 1 வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். 18650 பேட்டரி 4.2-இல் தொடங்கிப் பெரும்பாலான நேரம் 3.7 வோல்ட்டில் நிற்கும். அதிலிருந்து 1 வோல்ட்டைக் கழித்தால் சிப்புக்குக் கிடைப்பது 2.7. சிப்பின் கீழ் எல்லையே 2.5 வோல்ட். ரேடியோ அனுப்பத் தொடங்கும் கணத்தில் அந்த 2.7-உம் சட்டென்று சரியும். நோட்எம்சியு மேசையில் யுஎஸ்பி 5 வோல்ட்டில் ஓடுவதற்குச் செய்த போர்டு. பேட்டரிக்கு என்றால் வெறும் 8266 மாட்யூலை எடுத்து, சும்மா இருக்கும்போது சில பத்து மைக்ரோஆம்ப் மட்டும் எடுத்துக்கொண்டு 500 மில்லியாம்ப்வரை தரக்கூடிய எம்இ6211 மாதிரி ஒரு ரெகுலேட்டர் போடுங்கள். இல்லாவிட்டால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒன்றை நேரடியாகவே கொடுக்கலாம். அது பெரும்பாலும் 3.2, 3.3 வோல்ட்டில் நிற்கும். ஆனால் முழுச் சார்ஜில் 3.6-ஐத் தொடும், அது சிப்பின் மேல் எல்லை. சார்ஜர் மாட்டியிருக்கும்போது போர்டை இணைக்காதீர்கள்.

‘சர்வர் போர்டிலேயே இருக்க வேண்டும், பேட்டரியும் நிற்க வேண்டும்’ என்றால் நடுவழி ஒன்று உண்டு. வைஃபை ரூட்டர் பொதுவாக 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை பீக்கன் என்ற அடையாளச் செய்தியை அனுப்பும். ‘உனக்குச் செய்தி வைத்திருக்கிறேன்’ என்ற தகவலும் அதிலேயே வரும். போர்டு அந்த நேரத்தில் மட்டும் விழித்துக் கேட்டுவிட்டு மறுபடி தூங்கலாம். இதற்கு லைட் ஸ்லீப் என்று பெயர், சிப் மட்டும் என்று பார்த்தால் தூங்கும்போது 1 மில்லியாம்ப்புக்கும் குறைவு. இது எவ்வளவு பலன் தரும் என்பது உங்கள் ரூட்டரைப் பொறுத்தது. எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் செய்திகளை ரூட்டர் டிடிஐஎம் என்ற பீக்கனுக்குப் பிறகுதான் விடும். அந்த இடைவெளி 1, 2, 3 என்று ரூட்டருக்கு ரூட்டர் மாறும். போர்டு அதைத் தவறவிட்டால், ‘இந்த ஐபி முகவரி யாருடையது’ என்று போன் கேட்கும் ஏஆர்பி கேள்வி அதன் காதில் விழாது. போர்டு உயிரோடு இருக்கும், போனோ ‘தளம் கிடைக்கவில்லை’ என்று காட்டும். பத்து வினாடி கழித்துத் திறந்தால் வந்துவிடும். போர்டே அவ்வப்போது தன் முகவரியை அறிவித்துக்கொண்டிருந்தால் இது குறையும், முழுக்கப் போகாது. நானாக இருந்தால் தொட்டிக்கு இந்த வழியைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

வைஃபையை விட்டு வெளியே வந்தால் நிலைமை வேறு. குறைந்த மின்சாரத்துக்கென்றே வந்த 802.15.4 ரேடியோக்களில், ஒவ்வொரு கருவியும் வினாடிக்குச் சில தடவை கண நேரம் மட்டும் விழித்துக் காற்றில் சத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கும்படி செய்யலாம். ஒரு ஃபிரேமில், அதாவது ஒரு தடவை அனுப்பும் பொதியில், மொத்தமே 127 பைட்தான். இணைய நெறிமுறையின் புதிய பதிப்பான ஐபிவி6-ஓ குறைந்தது 1,280 பைட் பாக்கெட் போக வேண்டும் என்கிறது. இரண்டையும் பொருத்துவதற்காகவே 6லோபேன் வந்தது. அதன் மேல், வெப் பக்கங்கள் வரும் எச்டிடிபிக்குப் பதிலாக, இணைப்பு ஏற்படுத்தாமலே அனுப்பும் யுடிபியில் ஓடும் கோஆப் நெறிமுறை 2014-இல் தரமானது. அங்கே பேட்டரிக் கருவியும் நிஜமாகவே சர்வராக இருக்கலாம். ஆனால் உங்கள் போன் அந்த மொழி பேசாது, நடுவில் இரண்டு நெட்வொர்க்கையும் இணைக்கும், சுவர் மின்சாரத்தில் ஓடும் ஒரு பார்டர் ரூட்டர் வேண்டும். ஒரு தொட்டிக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஆனால் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: விழித்திருக்கும் வேலையை, சுவரிலிருந்து மின்சாரம் வரும் கருவியிடம் கொடுத்துவிடுவது.

அதாவது வீட்டுக்குள் ஒரு பழைய போன் சார்ஜரில் ஓடும் இஎஸ்பி 32 போர்டு அல்லது ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வையுங்கள், வெப் சர்வர் அதில் இருக்கட்டும். மாடியில் இருப்பது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, அளந்து, எண்ணை அனுப்பிவிட்டுத் தூங்கட்டும். கணக்கு போட்டுப் பாருங்கள்: எழுந்து வைஃபையில் இணைந்து அனுப்ப 3 வினாடி, அப்போது 80 மில்லியாம்ப். 600 வினாடிக்குச் சராசரி 0.4 மில்லியாம்ப். ரெகுலேட்டர் சரியாக இருந்தால் அதே பேட்டரி காகிதக் கணக்கில் 250 நாளைத் தாண்டுகிறது. பேட்டரி தானாக இறங்குவது, மாடி வெயில், சிக்னல் மோசமான நாட்கள் எல்லாவற்றுக்கும் கழித்து அதில் பாதி வந்தாலும் போதுமே. அந்த 3 வினாடியையும் குறைக்கலாம். நிலையான ஐபி முகவரி கொடுத்து, ரூட்டரின் சேனல் எண்ணையும் அடையாளத்தையும் முன்பே சொல்லிவிட்டால் தேடும் நேரம் மிச்சம். பெரும்பாலும் 1 வினாடிக்குள் முடியும். இஎஸ்பி-நவ் என்ற முறையில் ரூட்டரில் இணையவே வேண்டாம், 250 பைட்வரை நேராக அடுத்த இஎஸ்பி போர்டுக்கு அனுப்பலாம். உங்களுக்கு அனுப்ப இருப்பது நீர்மட்டம், பேட்டரி வோல்டேஜ் என்று இரண்டு எண். வீட்டுக்குள் இஎஸ்பி 32 வைப்பதானால் இதையே முதலில் முயலுங்கள். இரண்டு போர்டும் ஒரே சேனலில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ரூட்டர் தானாகச் சேனல் மாற்றும்படி விட்டிருந்தால் அதை ஒரே எண்ணில் நிறுத்துங்கள்.

டீப் ஸ்லீப்பிலிருந்து 8266 தானாக எழ, டி0 பின்னிலிருந்து ரீசெட் பின்னுக்கு ஒரு கம்பி போட வேண்டும். எழும்போது நிரல் முதலிலிருந்து ஓடும், ரேமில் இருந்தது போய்விடும். ஆனால் ஆர்டிசி மெமரி என்ற தனிப் பகுதியில் 512 பைட் தூக்கத்திலும் அழியாமல் இருக்கும். போன தடவை அளந்த மட்டத்தை அதில் எழுதி வையுங்கள். இதில் ஒரு பயன் இருக்கிறது. மோட்டார் ஓடும்போது பத்து நிமிட இடைவெளி ஆகாது, தொட்டி வழிந்துவிடும். எழுந்ததும் போன மட்டத்தோடு ஒப்பிட்டு, ஏறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த தூக்கத்தை 20, 30 வினாடியாகக் குறையுங்கள். மட்டம் நின்றதும் பழையபடி பத்து நிமிடம். சென்சாரின் மின்சாரத்தையும் ஒரு டிரான்சிஸ்டர் வழியாகக் கொடுத்து, அளக்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிப் தூங்கும், சென்சார் தூங்காது. தண்ணீர் புகாத ஜேஎஸ்என் வகை சென்சாருக்கு 20 செ.மீ.க்கும் அருகில் இருப்பது தெரியாது. தொட்டி நிரம்பும்போது தண்ணீர் அந்தக் குருட்டுப் பகுதிக்குள் வராத உயரத்தில் பொருத்துங்கள்.

அடுத்து ஹேங் ஆவது. இதில் இதுதான் காரணம் என்று இங்கிருந்தே அடித்துச் சொல்ல முடியாது. மூன்று சந்தேகங்கள் உண்டு, பிரித்துப் பார்க்க வழியும் உண்டு.

முதல் சந்தேகம் மேலே சொன்ன வோல்டேஜ் சரிவு. பேட்டரி பாதிக்குக் கீழே போன பிறகுதான் ஹேங் ஆகிறது, யுஎஸ்பியில் ஓட்டினால் வாரக்கணக்கில் ஓடுகிறது என்றால் அதுதான். 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோபாரட் கெபாசிட்டர் ஒன்று போட்டால் உடனே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது ரேம் துண்டு துண்டாவது. உங்கள் நிரலில் பக்கம் முழுவதையும் ஸ்ட்ரிங் என்ற ஒரே எழுத்துத் தொடரில் கூட்டிக் கூட்டிச் சேர்த்து, கடைசியில் அனுப்புகிறீர்கள். ஒவ்வொரு கூட்டலும் பெரிய இடம் கேட்கும், பழைய இடத்தை விடும். சில ஆயிரம் தடவை இப்படி நடந்தால் மொத்தமாக 20 கிலோபைட் காலியாக இருந்தாலும் ஒரே துண்டாக 3 கிலோபைட் கிடைக்காது. அன்றைக்குப் போர்டு நிற்கும். மாறாத எச்டிஎம்எல் பக்கத்தை ஜிசிப் முறையில் சுருக்கி ஃப்ளாஷ் நினைவகத்தில் வைத்து அப்படியே அனுப்புங்கள், விரித்துக்கொள்வதை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். ஒரு நாளுக்குத் திரும்பக் கேட்க வேண்டாம் என்று கேஷ் ஹெட்டரும் வையுங்கள். மாறுகிற எண்கள் மட்டும் தனி முகவரியில், நிலையான அளவுள்ள ஒரு பஃபரில் (தற்காலிக இடத்தில்) எழுதிய சின்ன ஜேசன் வடிவத் தரவாக வரட்டும். அதையும் துண்டு துண்டாக அனுப்பாமல் ஒரே தடவையில் அனுப்புங்கள். சின்னத் துண்டுகளாக அனுப்பினால், முதல் துண்டுக்கு ஒப்புதல் வரும்வரை டிசிபி அடுத்ததைப் பிடித்து வைக்கும். மறுமுனையோ ஒப்புதலைச் சேர்த்து அனுப்பலாம் என்று 200 மில்லிவினாடிவரை தாமதிக்கக்கூடும். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பார்கள். சின்னச் சர்வர்கள் காரணமில்லாமல் மெதுவாகத் தெரிவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம்.

மூன்றாவது பிரவுசர். நீங்கள் ஒரு பக்கம் கேட்கிறீர்கள், பிரவுசர் ஒரு சர்வருக்கு ஆறு இணைப்புவரை திறக்கலாம். எல்டபிள்யூஐபியின் இயல்பான அமைப்பில் ஒரே சமயத்தில் ஐந்துக்குத்தான் இடம். மூடிய இணைப்பும் சில நிமிடம் இடத்தை விடாது. டேபில் காட்டும் ஃபேவிகான் படத்தையும் பிரவுசர் சொல்லாமலேயே கேட்கும். குரோம் போன்றவை ‘பின்னால் தேவைப்படலாம்’ என்று ஒரு வெற்று இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் கவனிக்கும் ஆர்டுயினோ வெப் சர்வர் அந்த ஊமை இணைப்புக்காகச் சில வினாடி காத்து நிற்கும். வீட்டில் மூன்று போன்களில் இந்தப் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு திறந்தே கிடந்தால் நெருக்கடி இன்னும் கூடும். ஃபேவிகானுக்கு ஒரு வெற்றுப் பதில் கொடுங்கள், ஒவ்வொரு பதிலோடும் இணைப்பை மூடுங்கள், புதுப்பிக்கும் இடைவெளியை 10 வினாடிக்குக் குறைக்காதீர்கள். இன்னொன்று, பக்கம் கேட்கும்போதுதான் சென்சாரை அளக்கிறீர்கள். எதிரொலிக்குக் காத்திருக்கும் பல்ஸ்இன் ஃபங்ஷன், அது வராவிட்டால் 1 வினாடி முழுக்க அப்படியே நிற்கும். அளவெடுப்பது தன்பாட்டில் நடக்கட்டும், பக்கம் கடைசியாகக் கிடைத்த எண்ணை மட்டும் காட்டட்டும்.

மூன்றில் எது என்று கண்டுபிடிக்க, ஸ்டேட்டஸ் என்று தனியாக ஒரு பக்கம் வையுங்கள். அதில் கடைசி ரீசெட்டுக்கான காரணம், ஓடத் தொடங்கி எவ்வளவு நேரம், காலி ரேம், ஒரே துண்டாகக் கிடைக்கும் பெரிய இடம், பேட்டரி வோல்டேஜ் ஐந்தும் வரட்டும். 8266-இன் ஆர்டுயினோ நிரல்தொகுப்பில் முதல் நான்குக்கும் தயாராகவே ஃபங்ஷன்கள் இருக்கின்றன. காலி ரேம் நின்ற இடத்திலேயே நிற்க, பெரிய துண்டு மட்டும் நாளுக்கு நாள் சுருங்கினால் ஸ்ட்ரிங்தான் காரணம். காலி ரேமே ஏறி இறங்கினால் இணைப்புகள். இரண்டும் நன்றாக இருந்து வோல்டேஜ் மட்டும் தாழ்ந்திருந்தால் ரெகுலேட்டர்.

மோட்டார் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மட்டம் காட்டும் பக்கம் நின்றுபோனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. மோட்டார் நிற்காமல் ஓடினால் தண்ணீர் வழியும், கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரே எரியும். ஆகவே மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் ரிலே, வீட்டுக்குள் சுவர் மின்சாரத்தில் ஓடும் போர்டில் இருக்க வேண்டும். அதன் விதி, மாடியிலிருந்து இரண்டு நிமிடமாகப் புது எண் வராவிட்டால் யாரையும் கேட்காமல் மோட்டாரை நிறுத்துவது. மோட்டாரைப் போட்ட உடனே இது சிக்கலாகும், ஏனென்றால் மாடிப் போர்டு அப்போது பத்து நிமிடத் தூக்கத்தில் இருக்கலாம். அதனால் முதல் பன்னிரண்டு நிமிடம் மட்டும் எண்ணுக்காகக் காத்திருக்கட்டும், அதுவும் தொட்டியில் குறைந்தது அவ்வளவு நேரம் ஓடும் இடம் இருந்தால் மட்டும். பிரவுசரில் வெறும் லிங்க்காக, பக்கத்தை எடுக்க மட்டும் உள்ள கெட் கோரிக்கையில் மோட்டாரை ஆன் செய்யும்படி வைக்கக் கூடாது. முகவரியைத் தட்டத் தொடங்கும்போதே பக்கத்தை முன்கூட்டி எடுத்து வைக்கும் பழக்கம் பிரவுசர்களுக்கு உண்டு; நீங்கள் எண்டர் அமுக்கும் முன்பே மோட்டார் ஓடிவிடும். செயலைச் செய்யச் சொல்லும் போஸ்ட் கோரிக்கையும் கடவுச்சொல்லும் கட்டாயம்.

வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு இந்த சர்வரை இணையத்தில் திறந்துவிடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற நிரல், கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டைன் (Dyn) நிறுவனத்தின் சேவையைத் தாக்கியதில், அன்றைக்குப் பல பெரிய தளங்கள் திறக்கவில்லை. 8266-இல் எச்டிடிபிஎஸ் வைக்கலாமே என்றால், அதன் மறைகுறியாக்க முறையான டிஎல்எஸ்ஸில் ஒரு ரெக்கார்ட், அதாவது ஒரு துண்டு, 16 கிலோபைட்வரை வரலாம். வாங்க ஒன்று, அனுப்ப ஒன்று என்று முழு அளவில் பஃபர் வைத்தால் உங்களிடம் இருக்கும் ரேம் அதற்கே போய்விடும். பஃபரைச் சுருக்கி ஓட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் கைகுலுக்கலுக்கே வினாடிக்கணக்கில் ஆகலாம். ராஸ்பெர்ரி பையில் வயர்கார்டு என்ற விபிஎன் போட்டு அதன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வருவது நல்லது. உங்கள் இணைய இணைப்புக்குத் தனிப் பொது முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வீட்டு இணைப்புகளில் இருக்காது, அப்போது ஐபிவி6 வழியாகவோ வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வர் வழியாகவோ வர வேண்டியிருக்கும்.

ஸ்டேட்டஸ் பக்கத்தை வைத்துவிட்டுப் பேட்டரியில் ஒரு நாள், யுஎஸ்பியில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அந்த ஐந்து எண்களையும் ரூட்டரின் மாடலையும் இங்கே போட்டால், மூன்று சந்தேகங்களில் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.